குறுக்கே நீட்டிய கால்

குற்றாலநாதர் சந்நிதியில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யலாம். இதில் ஓர் எழுத்தும் பொய் கிடையாது.

நயாபைசா புழக்கத்துக்கு வந்த சமயம். பேரருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துப் பிழைத்த நாறும்பூநாதனுக்கு வலது கை தானாக ஆடத் தொடங்கியது. தொழில் படுத்துவிடும் என்று பயந்தான். நடந்தது வேறு. "ரைஸ்மில் மெஷின்ல தலையக் குடுத்த மாதிரில்லா இருக்கு! இன்னும் ரெண்டு தேய் தேயும் வேய்" என்று பாவூர்சத்திரம் வியாபாரிகள் வரிசையில் நின்றார்கள்.

தென்காசி டாக்டர் ஏசுதாசன் மட்டும் சிரிக்கவில்லை. "இது நடுக்குவாதம். உசுருக்கு இப்போ பயமில்ல. ஆனா போகாது, வருசா வருசம் கூடும். அடுத்த கையும் ஆடும், மொகம் இறுகும், கால் தரையில ஒட்டிக்கிடும். பத்து வருசமோ இருவதோ, ஆளுக்கு ஆள் மாறும். கூட ஒரு ஆள் வேணும், பாத்துக்கிடும்."

அந்த ஆள்தான் சந்தேகம். விஷயத்தைக் கேட்டதும் மனைவி முப்பிடாதியம்மாள், "நீரு கிடையில விழுந்தா நான் ராயகிரிக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன், ஆமா" என்றாள். விளையாட்டா வினையா என்று அவள் முகத்தில் தெரியவில்லை. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆடி மாதம் ஒரு மத்தியானம், அருவியைப் பிளந்துகொண்டு ஒரு கிழவர் வெளியே வந்தார். கூன் முதுகு. இமைக்காத கண். வந்து கல்லில் உட்கார்ந்தார். முதுகில் எண்ணெய் வைத்த நாறும்பூநாதனின் விரல் ஒரு தழும்பில் இடறியது. ஏழு வயதில் உடைமுள் கிழித்து, தன் முதுகில் இருக்கும் அதே தழும்பு. அந்தத் தோளும் இவன் கையும் ஒரே தாளத்தில் ஆடின.

"எத்தனை வருசமாச்சு?"

"பதினெட்டு." குரல் துணிமூட்டைக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"கூட... ஆள் இருக்கா?"

கிழவர் எழுந்தார். கால் கல்லோடு ஒட்டிக்கொண்டது. அருவிக்குள்ளிருந்து நரைத்த கிழவி ஒருத்தி வந்து, தன் காலை அவர் முன்னே குறுக்காக நீட்டினாள்.

"தாண்டும்! தெனமும் உமக்கு இதே கூத்து."

முப்பிடாதியம்மாளின் அதே குரல். கிழவர் அந்தக் காலை அழகாகத் தாண்டினார். அடுத்த அடி தானாக வந்தது. இருவரும் அருவிக்குள் போனார்கள். அதற்குப் பின்னால் பாறையைத் தவிர ஒன்றுமில்லை.

நாறும்பூநாதன் வீட்டுக்கு ஓடினான். "ஏட்டி, பதினெட்டு வருசம் கழிச்சும் நீதான் கூட இருக்கே!"

முப்பிடாதியம்மாள் கஞ்சியை வடித்தபடி, "அங்கனயும் நாந்தானா? வேற ஆளே கெடைக்கலியாக்கும் உமக்கு?" என்றாள்.

ஒன்றே ஒன்றுதான் இடிக்கிறது: அந்த வருஷம் ஆடி முழுக்கச் சாரல் பொய்த்து, அருவியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழவில்லை.