கடல் பக்கத்துக் கதவுகள்

…தண்ணிக்கு வழி என்றுதான் எழுதியிருக்கிறார், ஒரு எழுத்துக்கூட அழியவில்லை, பென்சில் எழுத்து தொண்ணூறு வருடம் நிற்குமா, நிற்கிறதே, ஆட்டோ குலுங்கக் குலுங்க என் மடியில் உருளும் இந்தப் பழைய பிளான் சுருளுக்குள் நிற்கிறது, ஹேசல் வீட்டில் ஒருதரம் வாசித்தேன், இரண்டாம் தரம் வாசிக்கக் கண் போகவில்லை, சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். "இந்த ஆறு கதவையும் ஒருநாளும் அடைக்கப்படாது, தண்ணிக்கு வழி." கீழே ஜெ. அ., ஜெரோம் அன்ட்ராடோ, என் அப்பாவின் அப்பா, வாவியைச் சுற்றி ஏழு வேதக்கோயிலுக்குப் பிளான் கீறிய மனிதர். காலையில் ஹேசல் சொன்னாள், "மச்சான், அக்காட பெட்டியத் திறக்க எனக்கு இவ்வளவு நாளும் மனம் வரல்ல, உடுப்புக்குக் கீழ இது கிடந்த, உங்கட தாத்தாட போல இரிக்கி" என்று. அக்கா என்றால் சார்மெயின், என் மனைவி. கடற்காற்று சேலையை அரிக்கிறது என்று அந்தப் பெட்டியை எப்போதோ டவுனில் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் வைத்தவள், அதனால் பெட்டி மிஞ்சியது, அவள் மிஞ்சவில்லை. பத்து மணிக்கு நான் கோயில் வளவில் நிற்கவேண்டும், சுனாமி கொண்டுபோன கோயிலை நாலரை வருடம் கழித்துத் திரும்பக் கட்டுகிறார்கள், நினைவு மலருக்குத் தாத்தாவைப் பற்றி இரண்டு பக்கம் கேட்டார்கள், எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன், வடிவான இரண்டு பக்கம், முழுக்கப் பொய்.

பொய் என்றால்… பிறந்த வருடம் சரி, தோணி செய்கிற தச்சனின் மகன் என்பது சரி, ஒரு வெள்ளைக்கார சுவாமி அவருக்குப் பிளான் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தது, கொழும்பில் இரண்டு வருடம் பென்சில் சீவிச் சீவிக் கீறப் பழகியது, எல்லாம் சரி. ஏழு கோயிலிலும் கல்வெட்டில் சுவாமிமாரின் பெயர் இருக்கிறது, ஒன்றிலும் அவர் பெயர் இல்லை, கணக்கெடுத்தால் அவர் வெறும் கல் வைக்கிற மேசன் பாஸ், அதையும் எழுதினேன், கொஞ்சம் கோபமாகவே எழுதினேன். பிறகு ஒரு வரி எழுதினேன், அதுதான் இப்போது நெஞ்சில் குத்துகிறது, 'எங்கள் கோயிலில் மட்டும் அவர் சிறு பிழை விட்டார், அதைப் பேரன் திருத்தினான்.' சிறு பிழையாம். ஆறு என்று நாங்கள் சொல்லும் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் துண்டு, அதில் கோயில், ஆற்றுப் பக்கம் மூன்று கதவு, அதற்கு நேரே கடல் பக்கம் மூன்று கதவு, பீடத்தை ஊரில் யாரும் வைக்காத மாதிரி வடக்கே ஒதுக்கி வைத்திருந்தார். மாரி மழையில், முகத்துவாரத்து மணலை வெட்டிவிட முந்தி ஆறு பொங்கினால் வெள்ளம் ஒரு கதவால் வந்து மறுகதவால் கடலுக்குப் போகும், சனம் பின்னேரம் சேற்றைக் கழுவிவிட்டுப் பூசை காணும். ஜெரோம் பாஸ் கோயில் கட்டல்ல, வேலிப் படலை கட்டினார் என்று சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரித்தவன், சொந்தத் தாத்தாவையே.

கல்லடிப் பாலத்தடியில் ஆமிக்காரர் மறித்தார்கள். எங்கும் பட்டாசு வெடி, நேற்றிலிருந்து வெடி, யுத்தம் முடிந்துவிட்டதாம், ஒவ்வொரு வெடிக்கும் ஆட்டோக்காரரின் தோள் உயர்ந்து இறங்குகிறது, என்னுடையதும்தான், கொடி பிடித்த லொறி ஒன்று பாட்டோடு போகிறது, நாங்கள் இருவரும் வாவியைப் பார்க்கிறோம், அங்கே பார்க்க என்ன இருக்கிறது, ஒன்றுமில்லை, ஆனாலும் பார்க்கிறோம். சுருளைக் கண்டதும் சிப்பாயின் முகம் மாறியது. "மெப் ஆ?" என்றான், வரைபடமா என்று. கோயில் பிளான் என்றேன், சேர்ச், சேர்ச் என்றேன். சுற்றியிருந்த பழைய பேப்பரை உருவி என் கையில் தந்துவிட்டுத் தாளை விரித்தான், ஆறு கதவுக்கும் மேல் விரலை ஓடவிட்டான், "லொக்குக் கதவு, நெறைய" என்றான், பெரிய கதவாம், சிரித்தான், நல்ல பையன், என் பேரன் வயது. இன்றைக்குத் தெருவில் போகிற யாருடைய முகத்தைப் பார்த்தாலும் அறை வாங்கிய முகமாகத்தான் இருக்கிறது, என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும், அதனால் அவன் என்னைச் சந்தேகிக்கவில்லை. நான் வாங்கியது வேறு அறை என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

எழுபத்தெட்டுச் சூறாவளி கூரையைத் தூக்கிப் போனபோது நான் பொதுவேலைப் பகுதியில் கட்டட ஓவசியர், கோயில் கமிட்டிக்கும் தலைவர், நாற்பத்தொரு வயது, எல்லாம் தெரிந்த வயது. கடற்காற்று வந்த வழிதானே கூரையைக் கிளப்பியது, அந்த வழியை அடைப்போம் என்றேன், பழைய பிளானைத் தேடினேன், கிடைக்கவில்லை, பெரிதாகத் தேடவுமில்லை. அடுத்த வருடமே கடல் பக்கத்து மூன்று கதவையும் புளொக் கல் வைத்து அடைத்தேன், நடுக்கதவு இருந்த இடத்தில் மாடம் வைத்து மாதா சுரூபம், அதற்கு முன்னால் பீடம், ஒழுங்கான கோயில் மாதிரி, எல்லாருக்கும் சந்தோசம், மெழுகுதிரி அணையாது, வெள்ளைச் சேலையில் உப்புப் படாது. சார்மெயினுக்கும் சந்தோசம்தான், முதல் இரண்டு வருடம் முன் வாங்கில், பீடத்தடி பெஞ்சில், என்னோடுதான் இருந்தாள், பிறகு என்னவோ பின்னுக்குப் போய்விட்டாள், ஆற்றுக் கதவடியில் கடைசி வாங்கு, மழையோ வெயிலோ அங்கேதான். ஏன் என்றால் "காத்து வருது, ஹெக்டர்" என்பாள். குருவானவரே கேலி பண்ணுவார், கமிட்டித் தலைவரின் பெண்சாதி வீட்டுக்கு ஓடத்தான் கதவடியில் இருக்கிறா என்று, நானும் கடைசி வாங்குக்காரி என்று கூப்பிடுவேன், இருபத்துமூன்று வருடம் அதே பகிடி, ஒருநாளும் அவள் கோபித்ததில்லை.

அந்த ஞாயிறு… யேசு பிறந்த நத்தாருக்கு மறுநாள், மகள் ஒஸ்ரேலியாவிலிருந்து அனுப்பிய நீலச் சேலை கட்டியிருந்தாள், அந்த அழகைப் பின்னுக்கு வைத்திருக்க எனக்கு மனமில்லை, இன்றைக்காவது என் பக்கத்தில் வந்து இரு என்றேன், சனம் பார்க்கக் கூப்பிட்டேன். கைப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். பூசை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வெளியே கூக்குரல், மீன்காரர் சண்டை என்று நினைத்தேன். கடல் வற்றிப் போனதை, பிறகு எழுந்து வந்ததை, கடற்கரைக் கோயிலுக்குள் இருந்த நூற்றைம்பது பேரில் ஒருவரும் காணவில்லை, எப்படிக் காண்பது, கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் என் சுவர். கதவிருந்தால் தண்ணீர் வராமலா போயிருக்கும், வந்திருக்கும், ஆனால் கண்டிருப்போமே, கண்டு ஆற்றுப் பக்கம் ஓடித் தோணியில் ஏறக் கொஞ்ச நேரம் கிடைத்திருக்குமே. நான் எழும்பினேன், அவளும் எழும்பினாள். "நீ இரி, பாத்திட்டு வாறன்" என்றேன். இருந்தாள். மாதா சுரூபத்தைப் பார்த்தபடி இருந்தாள். நான் ஆற்றுக் கதவுக்கு வந்தேன், முதுகுக்குப் பின்னால் சுவர் உடைந்த சத்தம், முன் ஐந்து வாங்கின் மேல் அப்படியே விழுந்தது, என்னை ஆறு கொண்டுபோய் ஓர் ஆற்றோரக் கண்ணா மரத்தில் மாட்டிவிட்டது, எழுபது கிலோ உடம்பு, ஒரு கீறல் இல்லை.

கோயில் வளவில் அஷ்லி நிற்கிறான், இப்போதைய கமிட்டித் தலைவன், படித்த பிள்ளை, என் பழைய கோயிலை அப்படியே அளவெடுத்துப் பிளான் போட்டிருக்கிறான், எனக்கு மரியாதையாம். ஆதம்பாவா மேசன் கடல் பக்கத்துச் சுவருக்கு முதல் வரி புளொக் வைத்துவிட்டார், மூன்று முழம் நீளத்துக்கு, நூல் பிடித்தமாதிரி நேராக. இரண்டு பக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம், ஹேசல் வாய் திறக்கமாட்டாள், நான் வாயை மூடினால் ஊருக்கு ஒன்றும் தெரியாது, திறந்தால் அந்த ஐந்து வாங்குச் சனத்தின் பிள்ளைகள் நாளைக்கு என்னை எப்படிப் பார்ப்பார்கள், இந்த அஷ்லியின் தாயும் மூன்றாம் வாங்கு. "அங்கிள், ரெண்டு பக்கம் கொண்டந்தீங்களா?" என்றான். சட்டைப்பைக்குப் போன கை திரும்பி வந்து சுருளை நீட்டியது. சீமெந்து மூட்டையின் மேல் தாளை விரித்து அந்த வரியைக் காட்டினேன். "அடைச்சது நான்தான் மகன். திரும்ப அடைக்க வேணாம்." அவன் வாசித்தான், திரும்ப வாசித்தான், என் முகத்தைப் பார்க்காமல், பிளான் பாசாகிவிட்டது, சுவாமியிடம் கேட்கவேண்டும் என்று மெதுவாகச் சொன்னான். "என்ன செய்ற, வைக்கவா, நிப்பாட்டவா?" என்று ஆதம்பாவா கேட்டார், கரண்டியில் சாந்தோடு. பாலத்துப் பக்கம் வெடி, கடலிலிருந்து காற்று, சுற்றிவந்த பழைய பேப்பர் பறக்கப் பார்த்தது, அஷ்லி காலால் மிதித்து எடுத்தான். "எண்பத்தோராம் ஆண்டு, பங்குனிப் பேப்பர் அங்கிள். அப்பவே சுத்தி வச்சிருக்கு. அப்ப உங்களுக்குத் தெரியுந்தானே?" இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன்… எண்பத்தொன்று பங்குனி, என் அம்மா செத்த மாதம், தாத்தாவின் கடதாசிகளும் கிடந்த அம்மாவின் பெட்டியை அடுக்கி ஒதுக்கியது சார்மெயின், தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு. அதற்குப் பிறகுதானே கடைசி வாங்கு. காத்து வருது, ஹெக்டர். வாசித்திருக்கிறாள், எனக்கு நோகும் என்று உடுப்புக்குக் கீழே வைத்துவிட்டு இருபத்துமூன்று வருடம் கதவடியில் இருந்திருக்கிறாள், நான் கூப்பிட்டதும் எழும்பி வந்திருக்கிறாள். நீ இரி என்றேனே, அப்போது அவள் பார்த்தது சுரூபத்தை, அதற்குப் பின்னால் நான் அடைத்த கதவையல்ல என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.