பச்சைப் பட்டை

மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் முழங்காலுக்குக் கீழே கறுப்பு போவதாக இல்லை. மகள் துணியைப் பிழிந்து மறுபடியும் நனைத்தாள். விரல் இடுக்கிலும் குதிகால் வெடிப்பிலும் நகக்கண்ணிலும் பழைய இன்ஜின் ஆயில் குடியேறியிருந்தது. ஆஸ்பத்திரியில் அப்பாவின் தலைக்கு அழகாகக் கட்டுப் போட்டு அனுப்பியிருந்தார்கள். கால்களை யாரும் கவனிக்கவில்லை. அடி தலையில்தானே.

"சோப்பு போட்டுப் பாரேன்" என்றாள் அம்மா, சுவரில் சாய்ந்தபடி.

"போட்டாச்சும்மா."

"பாத்திரம் தேய்க்கிற பவுடர்?"

"அம்மா, இது அப்பா. அண்டா இல்ல."

அம்மா சிரிக்கப் போவதுபோல உதட்டை இழுத்தாள். "இந்தக் காலோட வெளிய அனுப்பக் கூடாதுடி. பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

பார்க்கிறவர்கள் நினைக்க வேண்டியதையெல்லாம் ஏற்கெனவே நினைத்து முடித்திருந்தார்கள். அதனால்தான் தெருவிலிருந்து ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லை. வாடகை குறைவு என்று அவர்கள் பஸ் டிப்போவுக்குப் பின்னால் குடியிருந்தார்கள். தெரு முழுக்க டிரைவர், கண்டக்டர், மெக்கானிக். அந்தத் தெருவில் குடிகாரன் இருக்கலாம். அடுத்தவன் பெண்டாட்டியோடு ஓடிப்போனவன்கூட ஊர் மறந்த பிறகு திரும்பிவந்து சீட்டாட உட்காரலாம். கருங்காலி மட்டும் இருக்க முடியாது. எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு வெளியே நிற்கும்போது கம்பெனிக் கதவைத் தாண்டி உள்ளே போகிறவனுக்கு அந்தப் பெயர்.

அப்பா போனார். தினமும் போனார். போகச் சொன்னதே சங்கம்தான்.

அப்பா வேலை பார்த்த பாட்டில் கம்பெனியில் கண்ணாடி உருக்கும் உலை வீட்டு அடுப்பு மாதிரி இல்லை. மூட்டினால் வருஷக்கணக்கில் எரிந்துகொண்டேயிருக்க வேண்டும். அணைந்தால் உள்ளே குழம்பாகக் கொதிக்கும் கண்ணாடி உறைந்து பாறையாகிவிடும். உலைச் செங்கல் பிளந்துபோகும். அப்புறம் போராடி ஜெயித்தாலும் திரும்பிப் போவதற்குத் தொழிற்சாலை இருக்காது. ஆகவே உலைக்காரர்கள் சிலர் மட்டும் முறைவைத்து உள்ளே போய் நெருப்பைக் காப்பாற்ற வேண்டும், ஒரு பாட்டில்கூட வார்க்கக் கூடாது, 'இவர்கள் நம் ஆட்கள்' என்று தெரிவதற்குக் கையில் பச்சைப் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும் என்று கண்ணாடித் தொழிலாளர் சங்கம் முடிவெடுத்தது. நல்ல முடிவு. கெட்டுப்போகாமல் அதை மற்றவர்களிடம் கொண்டுசேர்க்கும் பொறுப்பை ஒருங்கிணைப்புக் குழுவிடம் ஒப்படைத்ததுதான் பிசகு.

துறைமுகம், மின்சாரம், தபால், வங்கி, பேருந்து என்று எல்லாச் சங்கமும் கண்ணாடிக்காரர்களுக்குத் தோள்கொடுக்கச் சேர்ந்து அமைத்த குழு அது. எந்தச் சங்கம் எந்தக் கிழமை வாசலில் நிற்பது, எவர் கொடி எவர் கொடிக்குப் பக்கத்தில், எந்தத் தலைவர் எந்தத் தலைவருக்குப் பிறகு பேசுவது என்று அத்தனையையும் ஒருங்கிணைத்தார்கள். நிறத்தை மட்டும் ஒருங்கிணைக்க மறந்துவிட்டார்கள். பஸ் டிப்போவில் பச்சை என்றால், நிர்வாகம் பால் ஊற்றி வளர்த்த கைக்கூலிச் சங்கத்தின் நிறம்.

பேருந்துக்காரர்கள் முதல்முறையாக வாசலில் நிற்க வந்த அன்று, அவர்கள் டிப்போ வழக்கப்படி, கருங்காலிகளின் காலில் ஊற்றுவதற்கென்று கழிவு ஆயில் கொண்டுவந்திருந்தார்கள். டிப்போவில் வேறு எதுதான் தாராளமாகக் கிடைக்கும்? தூக்குச்சட்டியோடு வந்த அப்பாவைச் சுற்றிக்கொண்டபோது, அவர் பதறாமல் கையைத் தூக்கிப் பட்டையைக் காட்டினாராம். இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று சட்டைக் கையை மடித்துவேறு விட்டாராம். ஆயில் காலில் விழுந்தது. கால் வழுக்கியது. கதவு ஓடுகிற இரும்புத் தண்டவாளத்தில் பின்மண்டை பட்டது. கண் விழிக்காமலே போய்ச் சேர்ந்தார்.

"அந்த வார்த்தைய எடுக்கச் சொல்லுடி" என்றாள் அம்மா. "எனக்கு அவங்க வேற எதுவும் செய்ய வேணாம். எந்த வாயால சொன்னாங்களோ அதே வாயால, ஊரு கேக்க, மைக்குல. இவரு கருங்காலி இல்ல, நாங்கதான் உள்ள அனுப்பினோம்னு. அவ்ளோதான். நான் இந்தத் தெருவுலதானே இருந்தாகணும்?"

மகள் கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

அங்கே குழு கூடியிருந்தது. அப்பாவை எப்போது எடுப்பது என்பதுபற்றி அவர்களுக்கு அவசரமில்லை. அவர்மேல் எந்தக் கொடி முதலில் என்பதுதான் பேச்சு. அகர வரிசைப்படி என்றார் மின்சாரம். உறுப்பினர் எண்ணிக்கைப்படி என்றார் துறைமுகம். நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருங்கிணைப்பாளர் கண்ணை மூடி ஆழ்ந்த யோசனையில் இருந்தார். அவருக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் தீர்மானம். டீக்குச் சர்க்கரை போதவில்லை என்றாலும் ஒரு முன்மொழிதல், ஒரு வழிமொழிதல் இல்லாமல் சொல்லமாட்டார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் மகள்.

"தோழர்னு சொல்லும்மா. இனிமே நீ எங்க எல்லாருக்கும் தங்கச்சி. உங்கப்பா சாகல. விதையா விழுந்திருக்காரு" என்றார் தீர்மானம்.

"ஆயில்ல வழுக்கி விழுந்திருக்காரு" என்றாள் அவள்.

அவள் அம்மா கேட்டதைச் சொன்னாள். தீர்மானம் நெஞ்சில் கை வைத்தார். "நியாயமான கோரிக்கை. கண்டிப்பா செய்யணும். வார்த்தையை மட்டும் கொஞ்சம் பாத்துப் போடணும்."

"இதுல என்னங்க பாக்கிறது? கருங்காலி இல்ல. அவ்ளோதான்."

"அப்ப யாரு ஊத்தினதுன்னு வரும்ல?" என்று சன்னலோரத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. பேருந்துச் சங்கச் செயலாளர். மெதுவாகப் பேச வராத மனிதர். ஹார்ன் என்றால் எல்லோருக்கும் தெரியும். "எங்க பசங்க தெரியாம செஞ்சது. யாரு எங்ககிட்ட சொன்னா, பச்சைன்னா உங்க ஆளுன்னு?"

"தீர்மானத்துல இருக்கே தோழர். ஏழாவது அம்சம்" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"ஏழாவது வரைக்கும் யாருய்யா படிக்கிறா?"

யாருமே படித்திருக்கவில்லை என்பது முகங்களிலேயே தெரிந்தது.

ஹார்ன் எழுந்து நின்றார். "இங்க பாரு தங்கச்சி. உன் கஷ்டம் புரியுது. ஆனா மைக்குல எங்க பசங்களைக் கொலைகாரங்க ஆக்கினீங்கன்னா, நாளைக்கு ஒருத்தனும் வண்டியை நிறுத்த மாட்டான். எடுத்துட்டுப் போயிட்டே இருப்பான்."

நாளை ஊர் முழுக்கப் பஸ் ஓடாது என்பதுதான் கண்ணாடிக்காரர்களுக்கு மிஞ்சியிருந்த ஒரே துருப்பு. சோர்ந்து கிடக்கும் வேலைநிறுத்தத்தை அது ஒன்றுதான் தூக்கி நிறுத்தும் என்று அப்பாவே சாப்பிடும்போது சொல்லியிருக்கிறார். தீர்மானம் அவளைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. அந்த ஒரு கணம் அவர் நல்லவராகவே தெரிந்தார்.

"சொல்றோம்மா. வேற மாதிரி சொல்றோம்" என்றார். உடனே துணைக்குழு அமைத்தார்.

மகள் வாசல் படிக்கு வந்தாள். அங்கே சோடா மாமா உட்கார்ந்திருந்தார். அப்பாவோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர். மூக்குக்கண்ணாடியின் கனத்தால் வந்த பெயர். அன்றைக்கு அப்பாவுக்குப் பின்னாலேயே நடந்து வந்தவரும் அவர்தான்.

"மாமா, நீங்களாவது மைக்குல சொல்லுங்களேன். கூடவே போனவரு நீங்க."

சோடா மாமா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அவரு கையைத் தூக்கிக் காட்டினாரும்மா. நான் பட்டையக் கழட்டிப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன். போட்டுக்கிட்டு, நானும் கூட நின்னு கத்தினேன். என்னன்னு கத்தினேன்னு கேக்காத."

அவள் கேட்கவில்லை.

"உலைக்கு இப்ப யாரு போறா?" என்றாள்.

"யாரு போவா? அன்னையிலருந்து ஒருத்தரும் போகல. நெருப்பு இறங்கிக்கிட்டே இருக்கும். தீர்மானத்துகிட்ட இப்பதான் சொன்னேன்." உள்ளே தலையால் காட்டினார். "அடுத்த கூட்டத்துக்கு அஜெண்டாவுல வைக்கிறேன்னாரு."

தூக்கும்போது தெருக்காரர்கள் வரவில்லை. வழக்கமாகத் தெருவில் எந்தச் சாவுக்கும் டிப்போ ஆட்கள்தான் தோள்கொடுப்பார்கள். இப்போது வங்கி ஊழியர்கள் முன்வந்தார்கள். நல்ல மனசுதான், பேனாவைவிடக் கனமான எதையும் தூக்கிப் பழகாதவர்கள். திருப்பத்துக்குத் திருப்பம் இறக்கிவைத்தார்கள். எல்லாச் சங்கக் கொடியும் ஏறியதில் அப்பா, கொடிக்கயிற்றிலிருந்து உருவிப்போட்டதுபோன்ற துணிக்குவியலின் கீழே எங்கேயோ இருந்தார். இரண்டு காலும் முழுக்க மூடும்படி பார்த்துக்கொண்டவள் மகள். முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் நடக்க முடியாததால் அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டாள். படி தாண்டும்போது மகளின் கையைப் பிடித்து, "மைக்குல" என்றாள் மறுபடியும்.

இடுகாட்டில் மண்மேட்டுக்குப் பக்கத்தில் மைக் நிறுத்தியிருந்தார்கள். குழிக்குள் இறக்கிய பிறகு ஒவ்வொரு சங்கமாகப் பேசியது. மின்சாரம் அவரை ஒளி என்றார். துறைமுகம் அவரை நங்கூரம் என்றார். தபால், அவர் நமக்கெல்லாம் எழுதிவைத்துவிட்டுப் போன செய்தி ஒன்று உண்டு என்று ஆரம்பித்து, அந்தச் செய்தி என்ன என்பதற்குள் மூச்சு முட்டி உட்கார்ந்தார். ஹார்ன் வந்து, தங்கள் சங்கத்தின் முழு ஆதரவும் என்றைக்கும் உண்டு என்றார். அதற்கு மைக்கே தேவைப்படவில்லை. கடைசியாகத் தீர்மானம். துணைக்குழு செதுக்கித் தந்த வாக்கியத்தை அவர் இரண்டு கையாலும் ஏந்துவதுபோலச் சொன்னார்: "நிர்வாகம் திட்டமிட்டு உருவாக்கிய குழப்பச் சூழலில், சில புரிதல் இடைவெளிகளுக்கு மத்தியில், களத்தில் நின்று தன் கடமையாற்றிய தியாகி..."

கூட்டம் கைதட்டியது. மகளுக்குப் பக்கத்தில் நின்ற பேருந்துக்காரர் ஒருவர் இன்னொருவரிடம், "யாருய்யா இவரு? எப்படிச் செத்தாரு?" என்று கேட்டார்.

"கம்பெனி அடியாளு அடிச்சிட்டானாம்."

"அன்னைக்கு வாசல்ல ஒரு கருங்காலி வழுக்கி விழுந்தானே, அன்னைக்கேவா?"

"அவன் வேற."

அவள் நடந்துபோய் மைக்கைப் பிடித்தாள். தீர்மானம் தடுக்கவில்லை. மகள் அழுதபடி நன்றி சொன்னால் நன்றாக இருக்கும் என்று நினைத்திருப்பார்; ஒதுங்கி இடம்விட்டார். அவளுக்கு மைக்கில் பேசிப் பழக்கமில்லை. ஒவ்வொரு சொல்லும் தள்ளித்தள்ளித்தான் வந்தது.

"எங்கப்பா..."

"வாழ்க!" என்றது கூட்டம். அதட்டியதுபோல இருந்தது.

"எங்கப்பா... கருங்காலி..."

"ஒழிக! ஒழிக!"

'இல்லை' என்பது வாக்கியத்தின் கடைசியில் வருகிற சொல். அதுவரை காத்திருக்க அந்தக் கூட்டத்துக்குப் பழக்கமில்லை. எத்தனையோ வாசல்களில் எத்தனையோ நாள் பழகிய வாய்கள். சொல் விழுந்ததும் பதில் விழும். முஷ்டிகள் மேலே போயின. அவள் "இல்ல" என்றாள். மறுபடி "இல்ல, இல்லைங்க" என்றாள். கூட்டத்தின் பின்வரிசை, தங்கச்சிக்கு வீரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டது. யாரோ நல்ல குரல்வளம் உள்ளவர் முன்னுக்கு வந்து, "கருங்காலி!" என்று எடுத்துக்கொடுத்தார். "ஒழிக!" என்று குழிக்கு மேலே திரும்பத்திரும்ப முழங்கியது. அந்த முழக்கத்திலேயே மண் தள்ளத் தொடங்கினார்கள். சோடா மாமா முன்வரிசையில் நின்றிருந்தார். அவர் வாயும் அசைந்துகொண்டிருந்தது.

தீர்மானம் அவள் தோளைத் தட்டி, மைக்கை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "பிரமாதம்மா" என்றார். கண்ணில் நிஜமாகவே ஈரம் இருந்தது.

அவள் வீடு திரும்பியபோது அம்மா தரையைக் கழுவி முடித்திருந்தாள். மண்ணெண்ணெய் வாடை மட்டும் மிச்சமிருந்தது.

"சொன்னாங்களா?"

மகள் செருப்பைக் கழற்றினாள். "சொன்னாங்கம்மா."

"யாரு?"

"நானே சொன்னேன். அப்புறம் எல்லாரும் சொன்னாங்க."

"மைக்குலயா?"

"மைக்குலதான்."

"அந்த டிப்போக்காரங்க? அவங்க காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. சத்தமா கோஷம் போட்டாங்க."

அம்மா முகத்தைக் கழுவி, தலையை அள்ளி முடிந்து, முக்காலியை இழுத்துக்கொண்டுபோய் வாசலில் தெருவைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டாள். மகளும் பக்கத்தில் போய் நின்றாள். தெருக்கோடியிலிருந்து இரண்டு பெண்கள் கூடையோடு பேசிக்கொண்டே வந்தார்கள். அம்மா அவர்களைப் பார்த்துத் தலையசைக்கத் தயாரானாள். இரண்டு வீடு முன்னாலேயே பேச்சு நின்றது. அவர்கள் தெருவைக் குறுக்கே கடந்து எதிர்ச்சாரியில் நடந்தார்கள்.

"அந்தப் பக்கம் நிழல் போல இருக்கு" என்றாள் அம்மா.

எதிர்ச்சாரி முழுக்க வெயில் கண்ணைக் கூசவைத்துக்கொண்டிருந்தது. "ஆமாம்மா" என்றாள் மகள்.