மைனஸ் ஒன்று

கணவனுக்கு அவள் மனதுக்குள் வைத்திருந்த பெயர் மகாமேதை. வாய்விட்டுச் சொன்னால் பாராட்டு என்று எடுத்துக்கொள்வான், அதனால் சொல்வதில்லை. இருவருமே ஜாவாஸ்கிரிப்டில் புரோகிராம் எழுதிப் பிழைப்பவர்கள்தான். அலட்டல் மட்டும் அவனுடையது.

மகள் சேரவேண்டிய பள்ளிக்கு அட்மிஷன் புரோகிராம் எழுதிக் கொடுத்தவன் அவனே. அந்தத் திமிரில் மகளின் விண்ணப்பத்தைக் கடைசி நாள்வரை இழுத்தடித்தான். எப்படியோ சீட் கிடைத்தது, பட்டியலில் கடைசிப் பெயராக.

அவன் புரோகிராம் எழுதியபோதே அதைப் பார்த்துவிட்டு அவள் கேட்டிருந்தாள். "ஏங்க, பட்டியல் அரேயில இல்லாத பேரை நீக்கச் சொன்னா என்ன ஆகும்? தேடினா, 'இல்லை'ங்கிறதுக்கு மைனஸ் ஒன்னுன்னு வரும். அதை அப்படியே நீக்குற ஸ்ப்ளைஸ்கிட்ட குடுத்தா, அது பின்னாலேர்ந்து எண்ணி, கடைசில இருக்கிற பேரைத் தூக்கிடுமே. பேர் இருந்தா மட்டும் நீக்குன்னு ஒரு இஃப் போடுங்க."

"இல்லாத பேரை எந்த மடையன் நீக்கப்போறான்? போய் உன் வேலையப் பாரு."

பள்ளி திறக்கும் வாரம் இருவரும் அதன் ஆபீஸுக்குப் போனார்கள். கிளார்க் கம்ப்யூட்டரை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார்.

"உங்க பொண்ணு பேரே இல்லைங்களே, மேடம். வேற ஒரு குழந்தை சேரப்போறதில்லைன்னு அவங்கப்பா போன் பண்ணாரு, நீக்கினேன். மறுநாள் அந்தக் குழந்தையோட அம்மாவும் பண்ணாங்க, எதுக்கும் இருக்கட்டும்னு அதே பேரை இன்னொரு தடவை நீக்கினேன். ரெண்டு தடவையும் 'நீக்கப்பட்டது'ன்னுதான் வந்துச்சு. ரெண்டு இடம் காலின்னு காட்டுச்சு, காத்திருந்தவங்களைச் சேர்த்தாச்சு."

அவளுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. இரண்டாம் தடவை போனது யாருடைய பெயர் என்று மகாமேதைக்கும் புரிந்தது, முகம் வெளிறியது. பக்கத்தில் ஒரு தாய், புதிதாகச் சேர்ந்த தன் மகளை யூனிஃபார்ம் அளவெடுக்க நிமிர்ந்து நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவன் மனைவியின் காதோரம் குனிந்தான். "கத்தித் தொலைக்காதே. அட்மின் பாஸ்வேர்டு எங்கிட்ட இருக்கு. வீட்டுக்குப் போய், புதுசா சேர்த்த பேர்ல ஒன்னைத் தூக்கிட்டு நம்ம பொண்ணைப் போட்டுடறேன். ஈ காக்காய்க்குத் தெரியாது."

அவள் அவனைவிட்டு விலகி நின்றாள். சீ, என்ன ஜென்மம் இது! முதலில் நடந்ததையாவது முட்டாள்தனம் என்று மன்னிக்கலாம். மகளுக்கு இனி எந்தப் பள்ளியில் இடம் தேடுவது? அந்தச் சிறுமி கைகளை விரித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"சார்," என்றாள் கிளார்க்கிடம், "இவரோட பாஸ்வேர்டை இப்பவே மாத்திடுங்க. மாத்துற வரைக்கும் நான் இங்கேயே நிக்கிறேன்."