எக்ஸ்ரே வாங்கிவந்த சாமான்கள்

மூன்றாக மடியும் கறுப்பு அட்டை ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மாமா உட்காரும் இடத்துக்கு முன்னால் நிறுத்தினார் எக்ஸ்ரே. எங்களைப் பார்த்த பக்கத்தில் மலையும் கோட்டையும் வரையப்பட்டிருந்தன. "இனிமே நீங்க உருட்டுற பகடை எங்களுக்குத் தெரியாது சார். அப்பதான் ஒரு பயம் இருக்கும்" என்றார். மாமா அட்டைக்குப் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, நிமிர்ந்து, என்னையும் அக்காவையும் பார்த்துக் கண்ணடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாங்கள் ஆடியது கதை ஆட்டம். மாமா கதை சொல்வார். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடப்போம். வாளை வீசினால் பட்டதா, சுவரேறினால் விழுந்தோமா என்பதைப் பகடை சொல்லும். நாம் உருட்டியது மாமா உருட்டியதைவிடப் பெரிதாக இருந்தால் பிழைத்தோம். இதற்கு ஒரு பென்சில், ஒரு பழைய நோட்டு, நாலைந்து பகடை போதும். மூன்று வருஷம் அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தோம்.

எக்ஸ்ரேயைக் கூட்டிவந்தது அக்கா. அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர்; எங்களுக்குள் அவர் பெயரே அதுவாகிவிட்டது. "அவங்கம்மா போனதுலேர்ந்து தனியா இருக்காரு, பாவம்" என்றாள். இரண்டாவது வாரமே வெல்வெட் ஒட்டிய பகடைத் தட்டோடு வந்தார், பகடை உருண்டு கீழே விழாமல் இருக்க. பிறகு கனமான உலோகப் பகடைகள். பிறகு கட்டம் போட்ட விரிப்பு. அதன்மேல் நிறுத்த எங்கள் பாத்திரங்களுக்கு விரல் உயரப் பொம்மைகள். அவரே வண்ணம் தீட்டியவை. என் மந்திரக்காரிக்குப் புருவம்கூட இருந்தது. அக்கா வீராங்கனையாகவும் நான் மந்திரக்காரியாகவும் இருக்கும்போது, அவர் மட்டும் மூட்டை சுமப்பவனாக இருந்தார். "யாராவது தூக்கணுமில்ல?" என்றார்.

ஒருநாள் படியிறங்கும்போது என்னிடம் கேட்டார். "இதெல்லாம் வாங்குறது வீண்னு தோணுதாம்மா? உண்மையச் சொல்லுங்க."

"ஐயோ, இல்ல சார். ஆட்டமே வேற மாதிரி ஆயிடுச்சு" என்றேன்.

வீட்டுக்குப் போய், எங்கள் மூவருக்கு மட்டுமான வாட்ஸ்அப் குழுவில், 'அடுத்த வாரம் யானையே வாங்கிட்டு வருவாரு' என்று எழுதினேன். மாமா சிரித்துச் சிரித்துப் பதில் போட்டார். அடுத்த ஞாயிறு முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, "குகைன்னா இருட்டா இருக்க வேணாமா? இந்த டியூப்லைட்ல என்ன பயம் வரும்?" என்று பொதுவாகச் சொன்னார். மறுவாரம் பன்னிரண்டு பேட்டரி மெழுகுவர்த்திகள் வந்தன. அக்கா சமையலறைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும்தான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எக்ஸ்ரே வருவதற்கு முன்னால் மாமாவின் கிண்டலெல்லாம் என்மேல்தான். முப்பத்தாறு வயதில், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டை நம்பியிருப்பவள். அவர் வந்தபின் ஒரு வார்த்தைகூட என் பக்கம் வரவில்லை. சுகமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த எலும்பு டாக்டர் ஆட்டத்தில் சேர ஆசைப்பட்டார். மேசைக்கு நாலு நாற்காலிதான். "எக்ஸ்ரேகிட்ட எப்படிங்க இனிமே வர வேணாம்னு சொல்றது?" என்று அக்கா கேட்டாள்.

"நான் எதுக்குச் சொல்லணும்? கதை சொல்லும்" என்றார் மாமா.

அந்த ஞாயிறு கதையில் ஒரு கயிற்றுப் பாலம் வந்தது. எங்களைக் கடக்க விட்டார். சுமைக்காரன் நடுவில் வரும்போது கயிறு அறுந்தது. எக்ஸ்ரே இரு கைகளுக்குள்ளும் பகடையைக் குலுக்கித் தட்டில் உருட்டினார். இருபது முகமுள்ள பகடையில் பதினேழு. "தப்பிச்சான்!" என்று நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மாமா அட்டைக்குப் பின்னால் உருட்டினார். நான் மாமாவுக்குப் பக்கத்தில் இருந்தேன், பகடை எனக்குத் தெரிந்தது. மூன்று.

"பதினெட்டு" என்றார் மாமா.

எக்ஸ்ரே என்னைப் பார்த்தார். நான் விரிப்பிலிருந்த கட்டங்களைப் பார்த்தேன்.

மாமா விடவில்லை. சுமைக்காரன் பாறையில் எங்கெங்கே மோதினான், எந்த எலும்பு முதலில் உடைந்தது, மேலே நின்ற நாங்கள் எவ்வளவு நேரம் கத்தலைக் கேட்டோம் என்று நிதானமாகச் சொன்னார். எக்ஸ்ரே பொம்மையை எடுத்து மேசையோரம் படுக்க வைத்தார்.

"அடுத்த வாரம் வேற பாத்திரம் எழுதிட்டு வரட்டா சார்?"

"பாப்போம். நானே கூப்பிடுறேன்."

எக்ஸ்ரே பகடைகளைப் பையில் போடத் தொடங்கினார். "சாமான் இருக்கட்டுமே, எங்க போயிடப் போகுது?" என்றேன். சொன்னது நான்தான். "ஆமா, இருக்கட்டும்" என்று பையைக் காலியாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். மாமா கூப்பிடவேயில்லை.

டாக்டர் வந்தார். பொம்மையைக் கையிலெடுத்து, "புருவமெல்லாம் வரைஞ்சிருக்கீங்களே!" என்று வியந்தார். "சும்மா, பொழுதுபோக்கு" என்றார் மாமா. மூன்றாவது வாரம் டாக்டருக்கு அலுத்துவிட்டது. ஆட்டம் நின்றது. வெல்வெட் தட்டில் அக்கா வீட்டுச் சாவிகளும் ஹேர்பின்னும் கிடக்கின்றன.

சென்ற வாரம், புதிதாகக் கிடைத்த வேலைக்கு மார்பு எக்ஸ்ரே கேட்டார்கள். வேறு இடத்துக்குப் போயிருக்கலாம். அவருக்கு விடுமுறை நாள் என்று அக்கா சொன்னதை நம்பி அவள் ஆஸ்பத்திரிக்கே போனேன். அவர்தான் இருந்தார்.

"செயினக் கழட்டிடுங்கம்மா. தாடைய இதுமேல வைங்க. தோள முன்னாடி கொண்டு வாங்க." குரலில் ஒன்றுமில்லை. தகடு நெஞ்சில் சில்லென்று ஒட்டியது. சுவரைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. கதவு மூடுவது கேட்டது. பிறகு ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது.

"அன்னைக்கு சார் என்ன உருட்டினாரு? நீங்க பக்கத்துல இருந்தீங்கல்ல."

தாடையை எடுக்காமலே சொன்னேன்.

"பதினெட்டு சார்."

எங்கோ ஏதோ மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.

"மூச்ச நல்லா உள்ள இழுங்க. ம்... அப்படியே பிடிச்சுக்குங்க. விடாதீங்க."

பிடித்துக்கொண்டேன். க்ளிக்கென்று ஒரு சத்தம் கேட்டது. விடலாம் என்று அவர் சொல்வதற்காக, கண்ணை மூடிக்கொண்டு, தகட்டை இறுகப் பற்றியபடி நின்றேன்.