ஓவியப் பகுதியில் தண்ணீர்

தலைமை நூலகராகப் பொறுப்பேற்றதும் அவள் செய்த முதல் காரியம், ஆளுக்கொரு அலமாரியை ஒப்படைத்ததுதான். காவலாளி, ஓட்டுநர், கூட்டிப் பெருக்கும் அக்கா, யாருக்கும் விலக்கில்லை. பூச்சி அரிக்கிறதா, முதுகு கிழிந்திருக்கிறதா, சுவரில் ஈரம் ஏறுகிறதா என்று அவரவர் அலமாரியை அவரவர் கவனிக்க வேண்டும். நனைந்த புத்தகத்தைக் காப்பாற்றப் பழகுவதற்காக, கழித்துக்கட்டிய புத்தகங்களை வாளித் தண்ணீரில் முக்கியெடுத்துக் காயவைக்கும் பயிற்சியும் அவ்வப்போது உண்டு.

புத்தகம் வழங்கும் மேசைக்காரருக்கு முசுடு என்று பட்டப்பெயர். “குடுக்கறதும் வாங்கறதும்தான் என் வேலை மேடம். வைத்தியம் பாக்கறது இல்ல” என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்.

“அப்பப்போ நாடி மட்டும் பாருங்க சார், போதும்” என்றாள்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே ஓவியப் புத்தக அலமாரியை ஏற்றுக்கொண்டார்.

அவளுடைய அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்த அன்று, ஆஸ்பத்திரியில் கைப்பேசியை அணைத்து வைத்திருந்தாள். வெளியே வந்து பார்த்தால் ஓட்டுநரின் செய்தி: மாடியில் குழாய் வெடித்து ஓவியப் பகுதியில் தண்ணீர் கொட்டுகிறது. திரும்பி ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னாள்.

“கெளம்புடி. தங்கச்சிதான் இருக்காளே. நான் என்ன தொட்டில் குழந்தையா?” என்று கட்டுப் போட்ட கண்ணோடு அம்மா விரட்டினாள்.

வழி நெடுக அவள் மனதில் கூழாகிப்போன புத்தகங்களே வந்தன. நூலக வாசலில் காவலாளி மறித்தார்.

“செருப்ப வெளிய விடுங்க மேடம். சேறு உள்ள வரக் கூடாது.”

வெறுங்காலோடு உள்ளே போனாள். தண்ணீர் கொட்டுவது நின்றிருந்தது. வாசிப்பு மேசைகள் மேல் புத்தகங்கள் விசிறி போல விரிந்து நின்றன. கூட்டிப் பெருக்கும் அக்கா ஏடுகளுக்கு நடுவே ஈரம் உறிஞ்ச ஒற்றுத்தாள் செருகிக்கொண்டிருந்தாள். முசுடு சட்டைக் கையை மடித்துவிட்டு நடுவில் நின்று ஆளுக்கொரு வேலை ஏவிக்கொண்டிருந்தார்.

“வழவழத் தாள் புத்தகமெல்லாம் எங்க சார்?”

“எதிர்த்த ஐஸ்கிரீம் கடை ஃப்ரீசர்ல. உறைய வச்சா பக்கம் ஒட்டாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, பிளாஸ்டிக்ல சுத்தி அனுப்பிட்டோம். கடைக்காரர் முதல்ல மொறச்சார். டிரைவர் பேசியே கரைச்சிட்டார்.”

“ஐஸ்கிரீம் என்னாச்சு?”

“இடம் வேணும்ல? நாங்களே தின்னு தீத்தோம்.”

சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன அவளுக்கு. “நான் என்ன செய்யட்டும்?”

“கொஞ்சம் ஓரமா நில்லுங்க மேடம். வழிய மறைக்கிறீங்க.”

ஓரமாகவே நின்றாள். இத்தனை வருட வேலையில் இப்படி நெஞ்சு நிறைந்து அவள் நின்றதில்லை.

மறுநாள் பார்வையிட மேலதிகாரி வந்தார். இரண்டொரு புத்தகங்கள் தவிர எல்லாமே தப்பியிருந்தன.

“எந்த நிபுணரை வரவழைச்சீங்க?”

“வெளிய இருந்து யாரும் வரல சார். நானும் இங்க இல்ல. எல்லாம் இவங்கதான்” என்று ஒவ்வொருவரையும் முன்னால் அழைத்து, இன்ன அலமாரிக்காரர் என்று அறிமுகம் செய்தாள்.

அதிகாரி தலையாட்டிக்கொண்டே மேசையிலிருந்த புத்தகத்தை நோக்கிக் கை நீட்டினார்.

“சார், தொடாதீங்க” என்றார் முசுடு. “இன்னும் காயல.”

அதிகாரி சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். முசுடு சொன்னதற்காக அவள் மன்னிப்புக் கேட்கவில்லை.