பேக்கார்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்

"என்னைக் கேட்டா நான் என்ன சொல்றது?" என்று கேட்டார் நார்பர்ட்.

"அவங்களைக் கேளுங்கன்னு என்னைக் காட்டுங்க."

"அதுக்கும் மேல கேட்டா?"

"அதுக்கும் மேல நான் பாத்துக்கறேன். நீங்க சும்மா நில்லுங்க, போதும். கார்ல மட்டும் கை வைக்காதீங்க. கைரேகை விழும்."

"அப்ப கைய எங்க வெச்சுக்கறது?"

"பாக்கெட்டுல."

இது அவர் முதன்முதலாக என்னோடு கார்க் கண்காட்சிக்கு வந்த காலையில் என் கராஜ் வாசலில் நடந்த பேச்சு. பக்கத்து வீட்டுக்காரர். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ஐரீன் இறந்த பிறகு வேலியருகே நின்று வானத்தைப் பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லாதிருந்தது. என் கராஜ் வாசல் குறுகல்; காரோ படகு மாதிரி அகலம். பின்னால் எடுக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். "வரலாம், வரலாம், இன்னும் வரலாம்" என்று கையசைத்தவரை, வெளியே வந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போக மனம் வராமல், "ஏறிக்குங்க" என்றேன். அதன்பிறகு ஒவ்வொரு செப்டம்பரும் ஏறிக்கொண்டார்.

என்னுடையது ஐம்பத்தைந்தாம் வருடத்துப் பேக்கார்டு. வெளிர்பச்சை உடம்பு, வெள்ளைக் கூரை. டெட்ராய்ட்டின் கிழக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கம்பெனியின் பெரிய ஆலையில் என் அப்பா கார்க் கதவுகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். பகலெல்லாம் பணக்காரர்களின் கதவுகளைச் சாத்திச் சாத்திப் பார்த்துவிட்டு, சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவாராம். நான் பிறப்பதற்கு முந்தின வருடமே ஆலையை மூடிவிட்டார்கள். ஆகவே எனக்கு அந்தக் காரைப் பற்றிச் சின்ன வயது ஏக்கம் எதுவும் கிடையாது. நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றபோது, இனி மற்றவர்கள் ஏறி இறங்குவதற்காக நிற்க வேண்டாத ஒரு வண்டி ஓட்ட வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

அந்தக் கம்பெனி பிறந்த கதையை எங்கள் பேக்கார்டுச் சங்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். ஒஹையோக்காரர் ஒருவர் வேறு யாரோ செய்த காரை வாங்கி, அது சரியில்லை என்று குறை சொல்லப் போனாராம். அவ்வளவு தெரிந்தால் நீரே ஒன்று செய்துகொள்ளும் என்றார்களாம். செய்துவிட்டார். பிறகு அந்தக் கார் எப்படி என்று விசாரித்து வந்தவர்களுக்கு விளக்கம் எழுத அச்சிட்ட தாள் கூட இல்லாததால், 'வைத்திருக்கும் ஆளைக் கேளுங்கள்' என்று பதில் அனுப்பச் சொன்னாராம். அதுவே கம்பெனியின் விளம்பர வாசகமாகிவிட்டது. கம்பெனி போய் இத்தனை காலமாகியும் எங்கள் தொப்பிகளிலும் காபிக் கோப்பைகளிலும் அந்த வாசகம் இருக்கிறது.

அதில்தான் எனக்குத் தொல்லை. வைத்திருக்கும் ஆள் என்றால் ஆண்பிள்ளை என்றே ஊர் முடிவு செய்திருந்தது. கண்காட்சியில் நான் கையில் துணியோடு கார்ச் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருப்பேன். வருகிறவர்கள் என்னைத் தாண்டிப் போய், பாக்கெட்டில் கை விட்டுக்கொண்டு நிற்கும் நார்பர்ட்டிடம் கேட்பார்கள்.

"எஞ்சின் பழசேதானா சார், மாத்தினதா?"

"எனக்குத் தெரியாதுங்க. அவங்களைக் கேளுங்க. அவங்க கார்."

கேட்டவர் என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டுவார். பிறகு அடுத்த கேள்வியையும் நார்பர்ட்டிடமே கேட்பார். ஒருவர் ஒருபடி மேலே போய், "வீட்டம்மாவுக்கும் கார்ல ஆர்வம் இருக்கறது பெரிய விஷயம் சார்" என்றார்.

"வீட்டம்மா இல்லீங்க," என்றார் நார்பர்ட் அமைதியாக. "பக்கத்து வீட்டம்மா."

அன்று திரும்பும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இரண்டாவது வருடம் அதே சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. இப்போதெல்லாம் வீட்டம்மா என்ற வார்த்தை எங்காவது காதில் விழுந்தால் நான் சக்கரத்தை இன்னும் அழுத்தித் துடைக்கிறேன்.

இந்த வருடக் கண்காட்சிக்கு மறுவாரம் அவர் அரிசோனாவுக்குப் போவதாக இருந்தது. ஒரேயடியாக. மகள் அங்கே தன் வீட்டில் அவருக்கென்று ஓர் அறையை ஒழித்து வைத்திருந்தாள். வீடு விற்பனைக்கு என்ற பலகை அவர் வீட்டுப் புல்வெளியில் நட்டாயிற்று. வசந்தத்தில், பலகை நடுவதற்கு முன்னால், வேலியருகே வந்து என்னிடம்தான் முதலில் சொன்னார்.

"பொண்ணு கூப்பிடறா. நீங்க என்ன நினைக்கிறீங்க, ரெஜினா?"

"வெயில் உங்க முட்டிக்கு நல்லதுதான்," என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் நின்றார். "ஆமா, முட்டிக்கு நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

போகாதீங்க என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. வேலியின் அந்தப் பக்கம் அதைக் கேட்கத்தான் அவர் நின்றிருக்க வேண்டும் என்பது அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது புரிந்தது. கேட்பது எனக்கு வராது. வால்டரோடு குடித்தனம் நடத்திய காலத்தில் ஏதாவது கேட்டால் அவர் மறுத்ததே இல்லை, "பாக்கலாம்" என்பார். ஏரிக்கரைக்கு ஒரு நாள் போகலாமா? பாக்கலாம். என் தங்கை கல்யாணத்துக்குச் சேர்ந்து போகலாமா? பாக்கலாம். இல்லை என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அந்தப் பாக்கலாமுக்குள் உட்கார்ந்து காத்திருந்து அலுத்து, ஒரு நாள் இனி யாரிடமும் எதுவும் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். விவாகரத்தைக்கூட நான் கேட்கவில்லை, தெரிவித்தேன்.

கண்காட்சி நடக்கும் இடம் ஊருக்கு வடக்கே, அந்தக் காலத்தில் கம்பெனி தன் கார்களை ஓட்டிச் சோதித்த பழைய மைதானம். காலையில் கார்களைப் புல்லில் வரிசையாக நிறுத்துவோம். உரிமையாளர்கள் பேச்சில் இறங்கியதும் மனைவிமார்களுக்கென்று சங்கம் ஒரு சுற்றுலா வைக்கும். ஒரு வருடம் மெத்தை விரிப்புத் தைக்கும் இடம், ஒரு வருடம் பூந்தோட்டம், இந்த வருடம் செர்ரி ஜாம் செய்யும் பண்ணை. அந்த வேனில் ஏறும் ஒரே ஆண்பிள்ளை நார்பர்ட். பெண்களுக்கு அவரென்றால் உயிர். ஜன்னலோர இடம் அவருக்குத்தான்.

அவர் வேனில் போன பிறகு யூஜின் வந்தான். எங்கள் சங்கத்தின் ஆதிகால உறுப்பினன். காரின் மூக்கில் இருக்கும் பறவை கூழைக்கடாவா நீர்க்காகமா என்று முப்பது வருடமாக எல்லோரிடமும் வழக்காடுகிறவன். அவன் கட்சி நீர்க்காகம்.

"நார்ப் போறானாமே," என்றான்.

"ஆமா."

"அடுத்த வருஷம் உன் வண்டிக்குப் பக்கத்துல யார் நிப்பா?"

"யாரும் நிக்க வேணாம். வண்டிக்கு நாலு சக்கரம் இருக்கு, தானா நிக்கும்."

"கோவிச்சுக்காத ரெஜினா. ஆள் தேவைன்னா சொல்லு. நான் வந்து நிக்கறேன்."

"நீ நின்னா வர்றவங்ககிட்டல்லாம் நீர்க்காகக் கதை சொல்லுவே. ஒரு பய பக்கத்துல வர மாட்டான்."

அவன் சிரித்துக்கொண்டே போனான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வருடம் என்று ஒன்று இருப்பதையே அதுவரை நான் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. கராஜ் வாசலில் "இன்னும் வரலாம்" என்ற குரல் இல்லாமல் இந்தக் காரை எப்படி வெளியே எடுப்பது என்றுகூட யோசிக்கவில்லை.

மத்தியானம் அவர் ஜாம் பாட்டில்களோடு வந்து சேர்ந்தார். மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து, நான் கட்டிக்கொண்டு வந்த உருளைக்கிழங்கு வைத்த பியரோகிக் கொழுக்கட்டையைச் சாப்பிட்டோம். "பொண்ணு வீட்டுல இதெல்லாம் கிடைக்காது. மாப்பிள்ளைக்கு ஒத்துக்காதாம்" என்றார். "கட்டிக் குடுக்கறேன், விமானத்துல சாப்பிடுங்க" என்றேன். எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது. எழுந்து போய்ப் பின்சக்கரத்தருகே மண்டியிட்டு, ஏற்கெனவே பளபளத்த தகட்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அப்போதுதான் அந்த ஜோடி வந்தது. கல்யாணத்துக்கு நாள் குறித்தவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. பையன் காரைச் சுற்றி வந்து படமெடுத்தான். அந்தப் பெண் ஜன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நார்பர்ட்டிடம் கேட்டாள். காருக்குப் பின்னால் குனிந்திருந்த என்னை அவர்கள் பார்க்கவில்லை.

"ஐயா, இதை ஓட்டறது எப்படி இருக்கும்?"

வழக்கம்போல் அவங்களைக் கேளுங்க என்பார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை.

"நான் ஓட்டினதே இல்லம்மா. இது ரெஜினாவோட கார். நான் பக்கத்துல உக்காந்து வர்றவன். உக்காந்து வர்றவனுக்குத் தெரிஞ்சதச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்களேன்."

"ரெஜினா ஓட்டும்போது பேச மாட்டாங்க. பஸ் ஓட்டின பழக்கம். மழை வந்தா மட்டும் பேசுவாங்க. அதுவும் என்கிட்ட இல்ல, கார்கிட்ட. பெல் ஐல் பாலத்துல ஏறும்போது 'வா கண்ணு, வா'ம்பாங்க. நானும் திரும்பிப் பாப்பேன். கண்ணு நான் இல்ல."

பெண் சிரித்தாள்.

"இஞ்சின் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. உள்ள ஒரு கடியாரம் இருக்கு, அது எப்பவும் தப்பா ஓடும். அதைத் திருத்த வேணாம்னு நான்தான் சொல்லிருக்கேன். ஜெஃபர்சன் ரோட்டுல கிழக்க போகும்போது என் வலது பக்கம் ஆறு, இடது பக்கம் ரெஜினா. எல்லாரும் ஆத்தத்தான் பாப்பாங்க, இல்லையா? எனக்குக் கழுத்து இந்தப் பக்கமே திரும்பிப் பழகிடுச்சு."

துணி என் கையில் அப்படியே நின்றது.

"ரொம்ப வருஷமா வர்றீங்களா?" என்றான் பையன்.

"இதுதான் கடைசி. அடுத்த வாரம் அரிசோனா போறேன். அங்க என் பொண்ணு வீட்டுக்குப் பின்னால ஒரு ஆறு இருக்காம். ஆனா அதுல தண்ணி கிடையாதாம்."

"அப்புறம் ஏன் போறீங்க?" என்றாள் அந்தப் பெண், சின்ன வயசுக்காரர்களின் நேர்மையோடு.

"கேட்டாளே. வான்னு கேட்டவங்ககிட்டதானேம்மா போக முடியும்?"

அதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. தபால் எந்த வீட்டுக்கு என்று முகவரி பார்த்துச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். அவர்கள் நன்றி சொல்லி அடுத்த காருக்குப் போனார்கள். போகும்போது அந்தப் பெண் பையனின் தோளை இடித்து, "நான் ஓட்டறேன், நீ பக்கத்துல உக்காந்து என்னையே பாத்துட்டு வா" என்றாள். அவன் பதிலுக்கு ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. முட்டி வலித்தது. வெயில் நல்லது என்று நான் வைத்தியம் சொன்ன அதே இடத்தில் எனக்கும் வலி இருந்தது.

சாயங்காலம் மைதானத்தில் இருந்து கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. வாசல் ஒன்றுதான் என்பதால் வரிசையில் நிற்க வேண்டும். நான் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். நார்பர்ட் நாற்காலிகளையும் ஐஸ் பெட்டியையும் ஜாம் பாட்டில்களையும் பின்பெட்டியில் அடுக்கிவிட்டு வந்து தன் இடத்தில் ஏறினார். பாரம் கூடியதும் காரின் பின்பக்கம் தாழ்ந்து, மூக்கு மேலே தூக்கிக்கொண்டது.

அந்த வருடத்துப் பேக்கார்டில் இது ஒரு விசேஷம். பாரம் ஏறினால் அடியில் ஒரு சின்ன மோட்டார் ஓடி, கார் தானே தன்னை மட்டம் செய்துகொள்ளும். ஆனால் உடனே செய்யாது. ஏறியவர் இருக்கப் போகிறாரா இறங்கப் போகிறாரா என்று பார்ப்பதுபோலக் கொஞ்சம் காத்திருக்கும்.

"நார்பர்ட்."

"கதவு சாத்திருக்கு. பாத்துட்டேன்."

"கதவப் பத்தி இல்ல."

"ஜாம் பாட்டில நிமித்திதான் வெச்சிருக்கேன். உங்களுக்கு ரெண்டு, யூஜினுக்கு ஒண்ணு."

"கொஞ்சம் பேசாம இருங்களேன்."

எங்களுக்கு முன்னால் இருந்த கார் நகர்ந்து வாசலுக்கு வழி விட்டது. அவர் போக வேண்டிய காரணங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். பனி, படிக்கட்டு, பேரப்பிள்ளைகள், அந்த முட்டி. வசந்தத்தில் இருந்து அவருக்காக நானே அவற்றை அழகாக அடுக்கி வைத்திருந்தேன். இருப்பதற்குக் காரணம் என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. கேட்பது மட்டும்தான் மிச்சமிருந்தது. என்ன சொல்வார் என்று தெரியாது. பாக்கலாம் என்றுகூடச் சொல்லலாம். ஸ்டியரிங்கில் இருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அரிசோனாவுக்குப் போகாத, நார்ப்," என்றேன். "இங்க இரு. எங்கூட இரு."

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். எங்களுக்கு அடியில் எங்கேயோ அந்தச் சின்ன மோட்டார் முனக ஆரம்பித்தது. காரின் பின்பக்கம் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. முன்கண்ணாடியில் வானம் ஒரு விரல் அளவு குறைந்து, சாலை ஒரு விரல் அளவு கூடியது.