மலைப் பக்கம் உட்கார்ந்தவள்

உள்நாட்டுப் போர் முடிந்து சமாதானம் கையெழுத்தான பிறகுதான் எங்கள் பள்ளத்தாக்கில் உண்மையான பயம் தொடங்கியது. அதுவரை எதிரி யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

நான் தளபதி சங்கினுக்கு ஜீப் ஓட்டினேன். ஆற்றுக்கு அக்கரை முழுவதும் ஃபைஸலியின் கையில் இருந்தது. இருவரும் ஐந்து வருடம் ஒன்றாகச் சண்டை போட்டவர்கள். ஆப்கன் முகாமில் ஒரே போர்வைக்குள் தூங்கியவர்கள். சங்கினின் மனைவி மோஷரீஃப், ஃபைஸலியின் கூடப் பிறந்த அக்கா.

அந்த இலையுதிர் காலத்தில் தலைநகர் துஷான்பேயிலிருந்து ஓர் அதிகாரி வந்து சொல்லிவிட்டுப் போனார்: இரண்டு கூட்டத்தையும் சேர்த்து எல்லைக் காவலுக்கு ஒரு படைப்பிரிவு, அதற்கு ஒரே ஒரு கர்னல். அவ்வளவுதான். மறுநாளே வயர்லெஸ்ஸில் கேலி ஆரம்பித்துவிட்டது.

"என்ன மச்சான், கர்னல் சட்டை தைக்கக் குடுத்தாச்சா? உங்க தொப்பைக்கு ஒரு கூடாரத்துணி வேணுமே!"

"உங்க அக்கா சமையல்ல வந்த தொப்பைடா இது. உனக்குப் பொறாமை."

எங்கள் படைப் பையன்கள் சிரித்தார்கள். வாரம் போகப் போகச் சிரிப்பு குறைந்தது. சங்கின் ஒரே வீட்டில் இரண்டு இரவு தூங்குவதில்லை. என்னை ஜீப்பிலேயே படுக்கச் சொன்னார். யாராவது இருமினால்கூடத் துப்பாக்கியில் கை போகும்.

கடைசியில் சங்கினே வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். "பேசித் தீத்துக்குவோம். பாலத்துக்கு இந்தப் பக்கம் வா. உங்க அக்கா ரொட்டியோட நடுவுல உக்காருவா. அவ முன்னாடி யாரு கை நீட்டுவான்?"

 ஃபைஸலி, "அக்கா வந்தா நானும் வரேன்" என்றான்.

காலையில் சங்கினையும் மோஷரீஃபையும் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். ஆற்றுக்குப் போக அந்த ஒற்றைப் பாதைதான். சூடு ஆறாத ரொட்டிகளைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள் மோஷரீஃப். தம்பியைப் பார்த்து ஒரு வருடமாகியிருந்தது. முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது. சங்கின் முன் இருக்கையிலிருந்து திரும்பாமலே சொன்னார்:

"தம்பிக்கு ஆத்துப் பக்கமா உக்காரு. மலைப் பக்கம் வேணாம்."

"ஏங்க?"

"மலைக் காத்து குளிரும். உனக்கு இடுப்பு வலி இருக்குல்ல."

கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். மகிழ்ச்சி வடிந்துவிட்டிருந்தது. பனி முழங்கால் வரை கிடக்கும்போதும் அவளை ஆற்றுத் தண்ணீருக்கு அனுப்பிய மனிதர் அவர்.

என்ஜினை அணைக்க வேண்டாம் என்றார் சங்கின். கரையில் எங்கள் பையன்கள் விரிப்பு போட்டார்கள். ஃபைஸலி பாலம் கடந்து வந்தான், ஒரே ஒரு காவலாளோடு. அக்காவின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தான். மோஷரீஃப் நேராகப் போய் அவனுக்கு மலைப் பக்கம் உட்கார்ந்தாள், தோளோடு தோள் ஒட்டி.

சங்கினின் கழுத்து நரம்பு புடைத்தது. "இந்தப் பக்கம் வந்து டீ ஊத்து."

"இங்கிருந்தே கை எட்டுதுங்க."

"வான்னு சொல்றேன்ல!"

"மச்சான், எதுக்கு அக்காவை வெரட்டுறீங்க? ரொட்டியப் பிய்ங்க" என்றான் ஃபைஸலி, சிரித்துக்கொண்டே.

ரொட்டியைப் பிய்த்தார்கள். சத்தியம் செய்தார்கள். பதவி உனக்கு, இல்லை உனக்கு என்று விட்டுக்கொடுத்தார்கள். கேட்டால் கண்ணீர் வரும். சங்கின் மட்டும் அடிக்கடி மேலே பாறைகளைப் பார்த்தார். ஃபைஸலி அடிக்கடி எங்கள் பாதையைப் பார்த்தான். டீ ஆறிப்போனது.

எழுந்தபோது மோஷரீஃப், "நான் தம்பியைப் பாலம் வரைக்கும் விட்டுட்டு வரேன்" என்று அவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டி நடந்தாள். பாலத்தில் நிற்கவில்லை. அக்கரை வரைக்கும் போய்விட்டாள். பாறைகளிலிருந்து ஒரு துப்பாக்கிச் சத்தமும் வரவில்லை.

அங்கே நடந்ததைப் பல வருடம் கழித்து அவளே எனக்குச் சொன்னாள். அவள் ஏன் ஒட்டிக்கொண்டே வந்தாள் என்று ஃபைஸலிக்குப் புரிந்துவிட்டது. அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறான். அவள் திரும்ப எத்தனித்ததும் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னிக்கு என்கூடத் தங்கு, அக்கா. அந்தப் பாதையில போகாத."

"ஏன்?"

"போகாதன்னா போகாத."

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

அவன் தரையைப் பார்த்தான். சின்ன வயதில் பொய் மாட்டிக்கொண்டால் நிற்பானே, அப்படி.

இந்தப் பக்கம் சங்கின் ஜீப்பில் ஏறிக் கதவை அறைந்தார். "எடு வண்டிய."

"அண்ணி வரலையே அண்ணே."

"தம்பி வீட்டுலயே கெடக்கட்டும். எடு!"

கியரைப் போட்டுவிட்டேன். அப்போதுதான் அவள் பாலத்தில் ஓடிவருவது தெரிந்தது, ஒரு காலில் செருப்பில்லாமல். முன்னால் வந்து என்ஜின் மூடியின் மேல் விழுந்தாள். "எடுக்காத ராஜப்! பாதையில கண்ணிவெடி வச்சிருக்காங்க!"

பையன்கள் கத்தியால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே போனார்கள். முதல் வளைவிலேயே இருந்தது, மண் இன்னும் ஈரமாக. நாங்கள் ரொட்டி தின்றுகொண்டிருந்த நேரத்தில் புதைத்திருக்கிறார்கள். நான் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினேன்.

சங்கின் அவளுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. "மலைப் பக்கம் ஏன் உக்காந்தே?" என்றுதான் கேட்டார். "எல்லாம் இன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

மோஷரீஃப் அவரையே பார்த்தாள். "நான் மட்டும் சாகக் கூடாதுன்னு ரெண்டு பேருமே பாத்துக்கிட்டீங்க. நல்ல மனசு."

மற்ற செருப்பையும் கழற்றி எறிந்துவிட்டு ஆற்றோரக் கற்களில் நடந்தாள். சங்கின் வீட்டுக்கும் இல்லை, ஃபைஸலி வீட்டுக்கும் இல்லை. அன்று மாலை உருளைக்கிழங்கு லாரி ஒன்றில் துஷான்பே போய்ச் சேர்ந்தாள்.

கர்னல் பதவி இருவருக்கும் கிடைக்கவில்லை. தலைநகரில் இருக்கும் யாரோ ஒருவரின் மருமகன் வந்து உட்கார்ந்தான். குளிர்காலத்தில் ஃபைஸலியை அவன் காவலாளே சுட்டான். சங்கின் ரஷ்யாவுக்கு ஓடினார். அங்கே கட்டட வேலை என்று கேள்வி.

இப்போது நான் துஷான்பே வழியில் வேன் ஓட்டுகிறேன். தம்பியின் கல்லறைக்கென்று அவள் ஒருமுறை என் வேனில்தான் வந்தாள். தலைநகரில் ஒரு ரொட்டிக் கடையில் வேலையாம். இறங்கும்போது தயங்கிக் கேட்டேன்: "அண்ணே எப்பவாவது போன் பண்றாரா, அண்ணி?"

"பண்ணுவார்" என்றாள். "ஊருக்கு வரலாமா, பயமில்லையான்னு கேப்பார்."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"தெரியலைன்னு சொல்வேன். நெஜமாவே எனக்குத் தெரியல, ராஜப்."

தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கல்லறை மேட்டில் ஏறத் தொடங்கினாள்.